சத்தம் வாங்க ராயபுரம் போனோம்

பட்டர்வொர்த்தில் என் வீட்டுக் கீழ்த்தளத்தில் பதினைந்து வருடமாக ஒரு பாட்டுக் குழு பயிற்சி செய்கிறது. கிதார் வாசித்துப் பாடுகிறவன் என் மகன் சேகர். டிரம் அடிக்கிறவன் ஆ மெங், சீனப் பையன். பையன் என்று சொல்கிறேனே தவிர நாற்பதைத் தாண்டியவன். தடித்த கம்பி கிதாருக்கு ஒருவன், குழல் ஊத இரண்டு பேர். அவர்களுக்கு இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயர் இருக்கிறது. நான் பையன்கள் என்றுதான் சொல்வேன்.

அவர்கள் பாடுவது ப்ளூஸ், ஃபங்க். ப்ளூஸ் என்றால் ஒரு வரியை இரண்டு முறை பாடிவிட்டு மூன்றாவது வரியில் மனதில் உள்ளதைக் கொட்டுவது. அமெரிக்காவில் பருத்தி பொறுக்கிய கறுப்பு ஜனங்களின் பாட்டு என்று சேகர் சொன்னான். நான் ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவள். எனக்குப் புரிந்தது. ஃபங்க் என்றால் உட்கார்ந்திருக்கிறவனை எழுப்புவது. அதற்கு விளக்கம் வேண்டாம். அக்கம்பக்கத்தார் சத்தம் தாங்காமல் சண்டைக்கு வந்தால் வாசலில் நின்று பதில் சொல்வது என் வேலை. இதுவரை யாரும் என்னைத் தாண்டி உள்ளே போனதில்லை.

கோலாலம்பூரில் ஓர் ஓட்டல் மண்டபத்தில் ஒருமுறை கச்சேரியை அப்படியே பதிவு செய்தார்கள். வந்தவர்கள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்கள். பாட்டு முடிந்ததும் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு விரல் நுனியால் தட்டினார்கள். இசைத்தட்டு வெளியிடுகிற முதலாளி அதைக் கேட்டுவிட்டு, "பாடுகிறவன் உயிரோடு இருக்கிறான். கேட்கிறவன் செத்துவிட்டானா? ஆள் சத்தத்தோடு கொண்டு வா, போடுகிறேன்" என்று திருப்பி அனுப்பினார். இன்னொரு முறை முயன்று பார்ப்பது, வராவிட்டால் கலைந்துவிடுவது என்று பையன்கள் பேசி முடித்தார்கள். ஆ மெங்குக்கு அவன் அண்ணனின் டயர் கடை காத்திருந்தது.

அப்போதுதான் லாரன்ஸ் போன் செய்தான். ஒலிப்பதிவு செய்கிறவன், ராயபுரத்துக்காரன், பினாங்கில் சில காலம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். "எங்க ஏரியாவுக்கு வா சேகர். லாரிய ரிவர்ஸ் எடுத்தாக்கூட பிகிலு அடிக்கிற ஜனம் இங்க கீது. உனக்கு எவ்ளோ சத்தம் வோணும்?" என்றான்.

சேகர் என்னை வர வேண்டாம் என்றான். பயிற்சியின் இரைச்சலையெல்லாம் நான் கேட்க வேண்டும், பதிவு ஆவதை மட்டும் கேட்கக் கூடாதா? குடையை எடுத்துக்கொண்டேன்.

*

நான் மலாயாவில் தோட்டத்தில் பிறந்தவள். அதுவரை இந்தியாவைப் பார்த்ததில்லை. இறங்கியதும் அழுவேன் என்று நினைத்து சேகர் ஒரு கைக்குட்டையைத் தயாராக வைத்திருந்தான். அது மூக்கை மூடத்தான் உதவியது. மணலி எண்ணெய் ஆலைகள் பக்கத்திலிருந்து அன்று காற்று அப்படி வந்தது. எங்கள் ஊரிலும் துறைமுகம், கிரேன், எண்ணெய்த் தொட்டி எல்லாம் உண்டு. எங்கள் காற்றும் மணக்காது. அதனால் எனக்கு வேற்றூர் என்று தோன்றவில்லை.

ஒன்றுதான் அதிசயமாக இருந்தது. நான் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாவதோடு நின்றவள். தெரிந்த எழுத்து தமிழ் ஒன்றுதான், அதுவும் எழுத்துக் கூட்டித்தான் வரும். எங்கள் ஊரில் கடைப்பலகைகள் எல்லாம் எனக்குக் கோடும் வளைவும். இங்கே தெரு முழுக்க என் எழுத்து. ஆட்டோவில் உட்கார்ந்து ஒவ்வொரு பலகையையும் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தேன். அடகுக் கடை. பஞ்சர் போடப்படும். சுவரொட்டி ஒட்டாதே. ஆட்டோ ஓட்டியவர் திரும்பிப் பார்த்து, "இன்னா ஆயா, எலெக்சனா?" என்றார்.

எங்கள் ஊரில் பிள்ளை பார்த்துக்கொள்ள வருகிறவளை ஆயா என்போம். நான் ஆயா இல்லை, சேகரின் அம்மா என்று சொன்னேன். "சரி ஆயா" என்றார்.

லாரன்ஸின் அம்மா பிலோமினா வீட்டு மாடியில்தான் எங்களுக்குத் தங்கல். காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து விற்கிறவள். என்னைவிட நாலைந்து வயது இளையவளாக இருப்பாள். குரல் எங்கள் ஃபெரி கிளம்பும்போது ஊதுமே, அந்த மாதிரி. படியேறும்போதே, "அக்கா, துன்னியா?" என்றாள். எங்கள் ஊரில் பசியாறியாச்சா என்று கேட்போம். கேள்வி ஒன்றுதான். பதில் சொல்லுமுன் சுறாப்புட்டு வந்துவிட்டது. பூண்டும் பச்சைமிளகாயும் போட்டு உதிரி உதிரியாக. ஆ மெங் தட்டை நக்காத குறை.

சாயங்காலம் லாரன்ஸ் எங்களை பர்மாவிலிருந்து வந்த ஜனங்கள் போடும் அத்தோ கடைக்குக் கூட்டிப்போனான். நூடுல்ஸை வேகவைத்து ஆறவிட்டு, முட்டைக்கோஸ், வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய் எல்லாம் விட்டுக் கையால் பிசைந்து கொடுக்கிறார்கள். பக்கத்தில் வாழைத்தண்டு சூப். எங்கள் ஊரில் நூடுல்ஸுக்கு மீ என்று பெயர். ஆ மெங் முதலில் சந்தேகமாகப் பார்த்தான். பிறகு மலாயில் என்னிடம், "இது எங்கள் மீ இல்லை, ஆனால் எங்கள் மீயின் சித்தப்பா மகன்" என்று சொல்லிவிட்டு இன்னொரு தட்டு வாங்கினான். கடைக்காரர் அவன் சொன்னதைத் தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன். மூன்றாவது தட்டை அவராகவே நீட்டினார்.

*

மறுநாள் பெரிய ஒலிபெருக்கிப் பெட்டிகளை எடுத்துவர வேண்டியிருந்தது. அவை திருவொற்றியூரில் காலடிப்பேட்டையில் ஒரு சவுண்ட் சர்வீஸ் கடையில் இருந்தன. லாரன்ஸும் ஆ மெங்கும் ஒரு டெம்போவில் கிளம்பினார்கள். வெயிலில் சும்மா மாடியில் உட்கார்ந்து நான் என்ன செய்ய? நானும் ஏறினேன்.

போகும்போது ஒன்றுமில்லை. பெட்டிகளை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது எண்ணூர்ச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றுவிட்டன. துறைமுகத்துக்குள் போக முறை காத்து நிற்கிற லாரிகள். ஓட்டுநர்கள் கீழே இறங்கியிருந்தார்கள். ஒருவர் லாரியின் நிழலில் அடுப்பு மூட்டிச் சோறு வடித்துக்கொண்டிருந்தார். அவ்வளவு நிதானம். ஒரு பக்கம் லாரிச் சுவர், ஒரு பக்கம் கடல். நடுவில் எங்கள் டெம்போ புகைவிட்டு, இருமி, அணைந்துபோனது.

அப்போது லாரிகளுக்கும் கடற்கரைக் கற்களுக்கும் இடையே இருந்த சந்தில் ஒரு வண்டி காது கிழிய வந்தது. மூன்று சக்கரம், ஒரு பலகை, எந்தக் காலத்து மோட்டார் சைக்கிளிலிருந்தோ கழற்றி மாட்டிய எஞ்சின். மீன்பாடி வண்டி என்கிறார்கள். ஓட்டியவன் பெயர் தாஸ். லாரன்ஸுக்குத் தெரிந்தவன்.

"இன்னா மாமு, நடுரோட்ல குந்திகினு கீறே?"

"வண்டி பூட்ச்சு தாஸு. பொட்டிய ராயபுரம் சேக்கணும்."

"மீனு வாசன ஒட்டிக்கும். பரவால்லயா?"

"பரவால்ல, ஏத்து."

பெட்டிகளை ஏற்றிக் கயிறு கட்டியதும் தாஸ் என்னைப் பார்த்தான். "ஆயா, நீ மேல குந்து. சாமி தேர் மாறி போலாம்."

பெட்டியின் மேல் குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஆ மெங் பலகை ஓரத்தில் தொங்கிக்கொண்டு வந்தான். அந்த எஞ்சின் சத்தத்தில் இரண்டு தட்டு, ஓர் இடைவெளி, மூன்று தட்டு என்று ஏதோ கணக்கு இருந்திருக்கிறது. ஆ மெங் பலகையில் விரலால் அதையே தட்டிக்கொண்டு வந்தான். தாஸ் அதைப் பார்த்துவிட்டு வேண்டுமென்றே முடுக்கினான், தளர்த்தினான். ஒருவர் பேச்சு ஒருவருக்குத் தெரியாது. இறங்கும்போது தோள்மேல் கை போட்டுக்கொண்டு இறங்கினார்கள். "நம்ம தோஸ்து ஆயா இவரு" என்றான் தாஸ். "நாளிக்கு பாட்டுக்கு நான் வருவேன். நம்ம ஏரியா புல்லா வரும்."

இந்த ஊரில் சத்தத்துக்குக் குறைவிருக்காது என்று அன்று நான் தெம்பாகப் படுத்தேன்.

*

கச்சேரி நடந்தது ரயில்வேகாரக் குடும்பங்கள் ஒரு காலத்தில் நடனமாடிய பழைய மண்டபத்தில். மரத்தரை. நடந்தால் தொம்தொம் என்று எழும்பும். இரண்டு மாலை பதிவு, அதற்கு அடுத்த நாள் ஊருக்கு விமானம். லாரன்ஸ் பக்கத்து அறையில் இயந்திரத்தோடு உட்கார்ந்துகொண்டான். மேடைக்கு ஒரு பத்து மைக் வைத்தான். அதோடு ஜனங்களின் தலைக்கு மேலே உத்தரத்திலிருந்து இரண்டு மைக்குகளைத் தொங்கவிட்டான். அவர்கள் கைதட்டல், விசில், கத்தல் எல்லாம் அதில்தான் விழ வேண்டும்.

மண்டபம் நிரம்பி வழிந்தது. பிலோ கதவருகே நின்று ஆட்களை உட்காரவைத்தாள். நான் முன்வரிசையில் இருந்தேன்.

முதல் பாட்டு ஃபங்க். ஆ மெங் அடித்த அடியில் என் குடை தானாக ஆடியது. குழல்கள் இரண்டும் ஒன்றையொன்று வம்புக்கு இழுத்தன. பாட்டு முடிந்தது.

ஒரு சத்தமும் இல்லை.

திரும்பிப் பார்த்தேன். அத்தனை பேரும் கண் விரிய மேடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கைகளை மடியில் கட்டியிருந்தார்கள். கிறீச்சிடுகிறது என்று மின்விசிறிகளை அணைத்திருந்ததால் எல்லார் முகத்திலும் வியர்வை ஓடியது. எனக்குப் பின்னால் இருந்த பெண்கள் கொலுசைக் கழற்றி மடியில் வைத்திருந்தார்கள். ஒருவருக்கு இருமல் வந்தது. வாயில் துண்டை அடைத்துக்கொண்டு, மரத்தரை சத்தம் போடாமல் நுனிக்காலில் நடந்து, வெளியே போய், தெருக்கோடியில் இருமிவிட்டு வந்தார். சன்னல் வழியாகத் தாஸ் தெரிந்தான். எஞ்சினை அணைத்துவிட்டு வண்டியைக் கையால் தள்ளிக்கொண்டு வந்தான். பிலோ கதவருகே உதட்டில் விரலை வைத்துக்கொண்டு சிப்பாய் போல் நின்றாள்.

சேகர் மைக்கில், "கை தட்டுங்க! சத்தம் போடுங்க!" என்றான். ஜனங்கள் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டி, மாட்டோம் என்றார்கள். முன்னால் இருந்த ஒரு பெரியவர், எங்களைச் சோதிக்கிறாயா என்பதுபோல விரலை ஆட்டிக் காட்டினார்.

லாரன்ஸ் இரண்டு முறை வெளியே வந்து, தொங்கும் மைக்கின் ஒயர் அறுந்துவிட்டதா என்று பார்த்துவிட்டுப் போனான். ப்ளூஸ் பாட்டில் வரிக்கும் வரிக்கும் நடுவே கேட்கிறவர் ஏதாவது சொல்லவென்றே கொஞ்சம் இடம் விடுவார்கள். அந்த இடமெல்லாம் அன்று காலியாகக் கிடந்தது. கடைசிப் பாட்டில் சேகரின் குரல் இறங்கிவிட்டது. பெற்றவளுக்குத் தெரியாதா?

முடிந்ததும் ஜனம் பூனைபோல் எழுந்து வெளியே போனது. கடைசி ஆள் படியிறங்கியதும் பிலோ கதவைச் சாத்தினாள். அப்போது தெருவில் எழுந்த சத்தம் இருக்கிறதே! விசில், கைதட்டல், டப்பா தட்டல். பையன்கள் வெளியே வந்ததும் ஆ மெங்கைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்கள். யாரோ பட்டாசுச் சரத்தைக் கொளுத்தினார்கள். தாஸ் எஞ்சினை முடுக்கி ஒலியெழுப்பினான்.

பிலோ ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "பாத்தியாக்கா? மூச்சு வுட்டுச்சா ஒண்ணாவது? மின்ன ஒரு தபா ஷூட்டிங்காரங்க ஹார்பராண்ட வந்தாங்க. நம்ம ஆளு ஒர்த்தன் பிகிலு அடிச்சிட்டான். இந்த ஏரியா ஆளுங்களே இப்டித்தான், கலீஜுன்னு மைக்கிலியே சொல்லிட்டு மூட்டையக் கட்டிகினு பூட்டாங்க. அத்த நாங்க மறக்கல. இந்த தபா நாங்க யாருன்னு காட்டிட்டோம்ல? ஒன் புள்ள ரிக்கார்டுல ஒரு தும்மலு இருந்தா என்னிய கேளு."

அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

*

மாடியில் பையன்கள் பதிவைப் போட்டுக் கேட்டார்கள். சுத்தமாக இருந்தது. ஆளில்லாத மண்டபத்தில் ஐந்து பேர் தமக்குத் தாமே வாசித்துக்கொண்ட மாதிரி இருந்தது. ஆ மெங் மலாயில், "அண்ணன் கடையில் டயர் மாற்றும்போதாவது யாராவது திட்டுவார்கள்" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

"ஜனங்களிடம் சொல்லிவிட வேண்டியதுதானே?" என்றேன்.

லாரன்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டான். "எங்கம்மாகிட்ட போய் நீ பண்ணது தப்புன்னு சொல்லிட்டு அப்பால அந்த வூட்ல நான் சோறு துன்ன முடியுமா? தெருவே மார் தட்டிகினு கீது."

சேகர் அதைவிட மோசம். "நமக்காக விசிறிகூட போடாம உக்காந்தாங்கம்மா. அவங்ககிட்ட போயி, நீங்க கெடுத்துட்டீங்கன்னு சொல்றதா? வேண்டாம். நீங்களும் சொல்லாதீங்க. ரெக்கார்டு வராட்டி போகட்டும்."

என் மகன் நல்லவன். நல்லவனாக இருந்து இருந்தே நாற்பத்திரண்டு வயதாகிவிட்டது. சொல்லாதே என்றால் சொல்லாமல் இருப்பதற்கு நான் என்ன அவன் மகளா?

விடியற்காலையில் பிலோ கூடையோடு காசிமேட்டுக்குக் கிளம்பினாள். நானும் கூடப் போனேன். வேடிக்கை பார்க்க ஆ மெங்கும் வந்தான்.

படகுகள் இறக்கிய மீன் தரை முழுக்கக் குவியல் குவியலாகக் கிடந்தது. வஞ்சிரம், சங்கரா, கடம்பா. ஒவ்வொரு குவியலின் முன்னும் ஏலம் கூவுகிறவர் ஒருவர். அவர் கூவ, சுற்றி நிற்கிறவர்கள் பதில் கத்த, அவர் அதை வாங்கி இன்னும் மேலே கூவ, ஐஸ் உடைக்கிறவன் தாளம் போட, எங்கும் ஒரே முழக்கம். ஆ மெங் வாயைப் பிளந்துகொண்டு நின்றான். "ஆயாம்மா" என்று என்னை இழுத்து, "இதுதான் நேற்று நமக்கு வேண்டியிருந்தது" என்றான். அவனும் ஆயா என்று சொல்லப் பழகிவிட்டான்.

ஒரு குவியலில் சண்டை ஏதோ நடந்ததால் பாதிப் பேர் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். எங்கள் முன்னால் இருந்த ஏலக்காரர் ஒரு கூடைச் சங்கராவை வைத்துக்கொண்டு கூவினார். பதிலில்லை. மறுபடி கூவினார். மூன்றாவது முறை அவர் குரல் கீழே இறங்கியது. "இன்னாங்கடா, அல்லாரும் ஊமையா பூட்டீங்களா?" என்று கூடையைத் தட்டினார்.

"நேற்று என் மகனுக்கும் இப்படித்தான் இருந்தது, பிலோ" என்றேன்.

பிலோ திரும்பினாள். "இன்னாக்கா சொல்ற?"

"அவனும் கூவினான். பதில் வரவில்லை."

"அதான் ரிக்கார்டு ஆவுதே!"

"உங்கள் தலைக்கு மேல் இரண்டு மைக் தொங்கியதே, பார்த்தாயா?"

"பாக்காம? அதான் எனுக்கு பயமே. நம்ம மூச்சக்கூட இஸ்துக்குமேன்னு."

"உங்கள் சத்தத்தைப் பிடிக்கத்தான் உன் மகன் அதைக் கட்டினான். அந்தச் சத்தம் தேடித்தான் நாங்கள் கடல் தாண்டி வந்தோம்."

பிலோ அப்படியே ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்து, இருமி, முந்தானையால் கண்ணைத் துடைத்து, அப்புறம் கோபம் வந்துவிட்டது. "நேத்தே சொன்னா இன்னாக்கா? கைக்கொயந்தையோட வந்தவள வெளிய அனுப்சேன். அந்தப் பெரிய மன்சனத் தெருக்கோடிக்கு போயி இரும வெச்சேன். லாரன்சு, அந்தப் பேமானி, பெத்த தாயாண்ட ஒரு வார்த்த..."

"பயந்துவிட்டான். என் மகன் சொல்லவே வேண்டாம் என்றான். நீங்கள் காட்டிய மரியாதை அவனுக்குப் பெரிதாகப் பட்டது."

அவள் ஏலக்காரர் பக்கம் திரும்பினாள். சங்கராக் கூடை இன்னும் அங்கேயே இருந்தது. "இப்ப எப்டிக்கா மாத்தி சொல்றது? நாங்க கம்னு இருந்தோம்னு தெருவே கெத்தா கீது. அது தப்புன்னு சொன்னா அல்லாருக்கும் மூஞ்சி செத்துப்பூடும்."

"யாரிடமும் ஒன்றும் சொல்ல வேண்டாம். நீ ஒருத்தி கத்து. போதும்."

அவள் எழுந்தாள். அந்த ஏலக்காரரைப் பார்த்து விலை கேட்டு ஒரு குரல் கொடுத்தாள் பாருங்கள், பக்கத்துப் படகிலிருந்தவன் திரும்பினான். கூடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

*

அன்று மாலையும் மண்டபம் நிறைந்தது. அன்றும் விசிறியை அணைத்தார்கள். கொலுசுகள் மடிக்குப் போயின. பிலோ கதவருகே நிற்காமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

முதல் பாட்டு போயிற்று. அமைதி. நான் பிலோவைப் பார்த்தேன். அவள் தொண்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "வர்லக்கா" என்று உதடு மட்டும் அசைந்தது. காசிமேட்டையே திருப்பிய குரல், வெட்கத்தில் சிக்கிக்கொண்டது.

இரண்டாவது, மெதுவான ப்ளூஸ். சேகர் முதல் வரியைப் பாடினான். இடம் விட்டான். காலி. அதே வரியை மறுபடி பாடினான். இடம் விட்டான்.

நான் குடையைத் தூக்கி மரத்தரையில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினேன். தொம்மென்று மண்டபமே அதிர்ந்தது. அத்தனை தலையும் என்னைப் பார்த்தன. அந்த அதிர்ச்சியில் பிலோவின் தொண்டை திறந்துகொண்டது.

"இன்னொரு தபா பாடு நைனா!"

சேகர் சிரித்தான். அதே வரியை மூன்றாம் முறையாகப் பாடினான், நேற்று முழுக்கக் கேட்காத குரலில். பின்னாலிருந்து ஒரு விசில் வந்தது, தயங்கித் தயங்கி. இன்னொன்று. இருமல்காரப் பெரியவர் கையைத் தட்டினார். பிலோவே கத்திவிட்டாளே, அப்புறம் யாருக்கு என்ன தடை என்று ஜனத்துக்குத் தோன்றிவிட்டது. யாரோ போய் விசிறியைப் போட்டார்கள்.

தாஸ் கொஞ்சம் தாமதமாக வந்தான். முந்தின நாள் போலவே எஞ்சினை அணைத்து, வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு, நுனிக்காலில் உள்ளே நுழைந்தவனுக்கு அங்கே நடந்தது பொறுக்கவில்லை. ஆ மெங் ஃபங்க் தாளத்தை ஆரம்பித்திருந்தான், தாஸ் வண்டியின் எஞ்சின் தாளம்தான், இரண்டு தட்டு, ஓர் இடைவெளி, மூன்று தட்டு. ஜனம் கத்திக்கொண்டிருந்தது. தாஸ் ஒரு பெஞ்சில் ஏறி நின்றான். தொங்கும் மைக் அவன் நெற்றிக்கு நேராக இருந்தது. தாளத்தில் அந்த இடைவெளி வந்த நேரம் பார்த்து வயிற்றிலிருந்து கத்தினான்:

"கம்னு இருங்கடா! ரிக்கார்டு ஆவுது!"

ஒரு கணம் எல்லாம் நின்றது. சேகர் மைக்கைப் பிடித்து, அதே தாளத்தில், அதே ராகத்தில், "கம்னு இருங்கடா!" என்று பாடினான். மண்டபம் முழுக்க ஒரே குரலாக, "மாட்டோம்!" என்றது. குழல்கள் ஊதின. "கம்னு இருங்கடா!" "மாட்டோம்!" மரத்தரையில் அத்தனை கால்களும் மிதித்தன. கொலுசைக் காலில் மாட்ட நேரமில்லாமல் பெண்கள் கையில் பிடித்துக் குலுக்கினார்கள். நான் குடையால் குத்திக்கொண்டே இருந்தேன். என் பங்கும் அதில் இருக்கிறது. பக்கத்து அறையிலிருந்து லாரன்ஸ் ஹெட்போனோடு ஓடிவந்து அம்மாவின் காலில் விழாத குறை.

தாஸ் மட்டும் எப்போது வெளியே போனான் என்று யாரும் பார்க்கவில்லை.

*

மறுநாள் காலையில் பெட்டிகளைக் காலடிப்பேட்டைக்குத் திருப்பி எடுத்துப்போக அவன்தான் வந்தான். வண்டியைக் கழுவியிருந்தான். ஆ மெங் கையை நீட்டியபோது தலையைக் குனிந்துகொண்டான்.

"என்னப்பா?" என்றேன்.

"நேத்து கத்திட்டேன் ஆயா. அல்லாரையும் அடக்கப் போயி, நானே ரிக்கார்டுல வுய்ந்துட்டேன். ஒன் புள்ள பாட்டு என்னால பேஜாராப் பூச்சு."

"உன் சத்தம்தான் அதில் நல்ல பாட்டு. அதைத்தான் முதலில் போடப்போகிறார்கள்."

அவன் என்னைப் பார்த்து இரக்கமாகச் சிரித்தான். ஊருக்குப் போகிறவள், மனம் நோகாமல் சொல்லிவிட்டுப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டான். கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டுப் போய்விட்டான். பிலோ வாழையிலையில் சுற்றிய வறுத்த மீனை என் பையில் திணித்தாள். விமான நிலையத்தில் அதைத் திறந்து காட்டச் சொன்னார்கள். திறந்தேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் பசித்துப்போய் என்னைப் பார்த்தார்கள்.

இசைத்தட்டு முதலாளி இந்த முறை பதிவைத் திருப்பி அனுப்பவில்லை. "யார் அந்த ஆள், பாட்டுக்கு நடுவே கோபிக்கிறவர்?" என்று மட்டும் கேட்டாராம். ஆ மெங்கின் அண்ணன் கடைக்கு வேறு ஆள் பார்த்துக்கொண்டார். சி.டி. வெளிவந்ததும் முதல் பொட்டலம் ராயபுரத்துக்குத்தான் போனது. முதல் பாட்டு, தாஸின் பாட்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பசியாறிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பிலோ வீட்டிலிருந்து. யார் பேசுவது என்று முதலில் தெரியவில்லை. காற்று மட்டும் வந்தது. பின்னால் எங்கேயோ டிரம், இரண்டு தட்டு, ஓர் இடைவெளி, மூன்று தட்டு.

"யாரு?" என்றேன்.

"ஆயா, நான்தான். தாஸு." ரொம்ப மெதுவாகப் பேசினான்.

"சத்தமாகப் பேசுப்பா. காதில் விழவில்லை. ஏன் இப்படி ரகசியம் பேசுகிறாய்?"

"ரிக்கார்டு ஓடிக்கினு கீது ஆயா" என்றான், இன்னும் மெதுவாக.